மூத்தாளும் நானும் அந்த ஆளும்

ஃபாரத்தில் உறவுமுறை என்று போட்டு முக்கால் விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். அதில் என்ன எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக ஆளாளுக்கு எனக்குப் பாடம் நடத்தியாயிற்று. தென்காசி வக்கீல் ‘உடன்பிறவாத் தங்கை’ என்று எழுதச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எங்கள் ஊர் வி.ஏ.ஓ., வருஷா வருஷம் எங்கள் மில்லில் வத்தல் அரைத்துப் போகிறவர், ‘கனியக்கா, பதமா அரைச்சுக் குடுங்க’ என்று பல்லைக் காட்டுகிறவர், ‘உறவு ஏதுமில்லை’ என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் எங்களை மாடி மாடியாக இழுத்துக்கொண்டு அலைகிற ஜெனிட்டா என்கிற பெண், வயது இருபத்தைந்து இருக்கும், “தோழின்னு சொல்லுங்கக்கா, டீசன்ட்டா இருக்கும்” என்கிறாள். தோழியாம். உலகம்மாளுக்கு நான் தோழி! பக்கத்தில் சக்கர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் காதில் விழுந்திருந்தால் நாற்காலியோடு எழுந்து வந்து அடித்திருப்பாள். அவள் என் புருஷனுடைய மூத்த சம்சாரம். நான் இளையாள், சண்முகக்கனி. இருபத்துநாலு வருஷமாக ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறோம். அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. என்னுடையதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைக்கலாம், ரத்தம் சேருகிறது, மற்ற டெஸ்டெல்லாம் சேருகிறது, உறவு மட்டும் சேரவில்லை என்கிறார்கள். தாய், மகள், அக்கா தங்கை, புருஷன் என்றால் அதிகம் கேள்வி இல்லை. புருஷனுடைய இன்னொரு பெண்டாட்டி என்றால் அவள் அந்நியம். அந்நியமானவள் ஏன் கொடுக்கிறாள், காசுக்கா, மிரட்டலுக்கா என்று விசாரிக்க ஐந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி. அந்த ஐந்து பேரும் இந்தக் கதவுக்குப் பின்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்கள். தட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். கோட்டில் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

எதிர்ச் சுவரில் டி.வி. ஓடுகிறது. சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் கேட்கிறது, அந்தக் கூட்டம் அப்படிக் கத்துகிறது. மூன்று பேர் சேர்ந்து செய்துகொள்ளும் கல்யாணத்தைச் சட்டம் ஏற்கலாமா கூடாதா என்று விவாதம். வெளிநாட்டில் எங்கேயோ மூன்று பேர் எங்கள் கல்யாணத்தைப் பதிந்துகொள் என்று போய் நின்றார்களாம், அதற்கு இங்கே மூன்று பேர் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறார்கள். தாடி வைத்த ஒரு பையன் அன்புக்கு எண்ணிக்கை கிடையாது என்கிறான். அவன் வீட்டில் பாத்திரம் விளக்குவது யாரென்று தெரியவில்லை. பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி நம் பண்பாடு என்னாவது என்கிறாள். எந்த ஊர்ப் பண்பாடு அம்மா? எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் இளையாள் இருக்கிறாள், நாலு பேரும் உங்கள் பண்பாட்டுக்குத்தான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார்கள். மூன்றாவது ஒரு வக்கீல், சொத்து, வாரிசு என்று விரலை மடக்குகிறார். பையன் சொல்கிற சுதந்திரம் எதையும் நான் கண்டதில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மில்லில் மாவு அள்ளுகிற வேலை. முதலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ‘கனி, நீ சிரிச்சா மில்லே வெளிச்சமாயிருதுட்டி’ என்றான். மில்லில் பல்பு போட வக்கில்லாதவன் சொல்கிற பேச்சு. அதை நம்பினேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது. ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டினான், சாட்சிக்கு வந்தவன் குடித்திருந்தான். சட்டம் ஒத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? யோசித்துப் பார்க்கிறேன். ஒத்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் மூன்றாவதாகவும் ஒருத்தியைக் கூட்டிவந்திருப்பான், போலீஸ் பயத்தில்தான் இரண்டோடு நின்றான். அது வரைக்கும் சட்டத்துக்குக் கும்பிடு. ஆனால் தப்பு செய்தது அவன், ரேஷன் கார்டில் ‘உறவினர்’ என்று கிடக்கிறது நான். வாக்காளர் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் செத்துப்போன என் அப்பா. பொன்னரசி கல்யாணப் பத்திரிகையில் என் பெயரே இல்லை. பொன்னரசி உலகம்மாள் பெற்ற பெண், எனக்குப் பிள்ளை இல்லை, அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினது பூராவும் நான். ‘கனிம்மா’ என்பாள். பத்திரிகை அடித்து வந்தபோது அவளும் ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கும் இருந்திருக்கும். இப்போது அவள் ஏழு மாசம். அவளிடம் கிட்னி கேட்க முடியாது.

கேட்கக்கூடிய இன்னொரு ஆள் அதோ எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் புருஷன், உலகம்மாள் புருஷன், ஆவுடையப்பன். அறுபது வயதிலும் தலைக்கு மை. பார்சல் கட்டி வந்த உளுந்தவடையைப் பிட்டுப் பிட்டுத் தின்கிறார், எண்ணெய்க் கையைத் துடைக்க என் ஃபைலைத்தான் தேடுகிறார். அவருக்கு டெஸ்ட் எடுத்த அன்று பார்த்திருக்க வேண்டும். சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது, நீங்கள் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “நான் குடுத்து வைக்கலியே டாக்டர்” என்றார். வெளியே வந்து லிஃப்ட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சில் வித்தியாசம் எனக்குத் தெரியும், இருபத்துநாலு வருஷம் கேட்கிறேன். ஆயுசு முழுக்கச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட மறந்த மனுஷன் அன்றைக்குச் சர்க்கரைக்கு நன்றி சொன்னார். அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பேச்சு. மில்லில் நான் பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்று, “கனி, நீ எதுக்கு உடம்பை அறுத்துக்கிடணும்? டயாலிசிஸ்லயே கொஞ்ச காலம் ஓட்டட்டும். அவளுக்கு ஆனது ஆச்சுன்னா நாம முறைப்படி ரெஜிஸ்டர் பண்ணிக்கிடலாம். அப்புறம் நீதான் மனைவி, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். குரலில் என்ன கனிவு. பண்டிகைக்குச் சேலை எடுத்துத் தருகிற மாதிரி. நான் எண்ணெய்க் கேனை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் கொடுமை. வக்கீலிடம் கேட்டேன், ஆமாம் என்றார், முதல் மனைவி இறந்தபிறகு செய்கிற கல்யாணம் செல்லும். அதாவது எனக்கு மனைவி என்று பெயர் கிடைக்க ஒரு வழி இருக்கிறது, உலகம்மாள் சாக வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. சட்டத்தை எழுதி வைத்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், கார்டில் ‘மனைவி’ என்று என் பெயர் அச்சாகி இருப்பதை நினைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆளைத் துப்புகிறேனே, அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னை யார் துப்புவது.

பாசம் அல்லது பற்றுதல் காரணமாக. ஃபாரத்தில் அப்படித்தான் இருக்கிறது. பாசம் அல்லது பற்றுதல் காரணமாக நான் என் சிறுநீரகத்தை மனமுவந்து. மனமுவந்து என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் தடுக்குகிறது. எனக்கு உலகம்மாள் மேல் பாசமா? நான் அந்த வீட்டுக்குப் போன புதிதில் பதினோரு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள், “அரிசி ஊறப் போட்டிருக்கு, ஆட்டு” என்றாள். அதுதான் முதல் பேச்சு. அதற்கு முன்னாலேயே அவள் தம்பி அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், இந்த ஆளைப் பற்றிப் புகார் எழுதிக் கொடு என்று நின்றான். ஏழு வருஷம் வரை உள்ளே போடலாம் என்று ஏட்டும் சொன்னாராம். அவள் எழுதவில்லை. பெருந்தன்மை என்று தெரு பேசியது. பெருந்தன்மையாவது! ‘இவன் உள்ள போனா மில்லை யாரு ஓட்டுவா, பிள்ளையை யாரு படிக்க வைப்பா’ என்றுதான் அவள் கணக்கு. என்னைக் கண்டால் அவளுக்கு ஆகாது. என் ரசத்தை இருபத்துநாலு வருஷமாகக் கழனித்தண்ணி என்கிறாள். நான் கழுவிய டம்ளரை மறுபடி கழுவுவாள். நானும் சும்மா இல்லை, அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே வெந்தயம் போட்டிருக்கிறேன். ஜெனிட்டா கேட்டாள், “அவங்க எப்பவாவது உங்க உயிரைக் காப்பாத்தினாங்களாக்கா? அப்படி ஏதாவது இருந்தா கமிட்டிக்குச் சொல்ல நல்லா இருக்கும்.” இல்லை அம்மா, அப்படிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி வைத்தாள், வைத்துவிட்டு, ‘படுத்துக்கிட்டே காலத்தை ஓட்டலாம்னு பாக்கியா’ என்றாள். இப்போது அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. காலையில் நான் செம்பில் அளந்து வைப்பேன், அவள் சந்தேகமாக எட்டிப் பார்ப்பாள், நான் குறைத்துவிட்டேன் என்று. இதற்கெல்லாம் பாசம் என்று பெயர் வைக்க எனக்குக் கூசுகிறது. அப்புறம் எதற்குக் கொடுக்கிறேன்? இடது விலாவுக்குக் கீழே திறப்பார்களாம். நேற்று ஸ்கேன் எடுத்தவன் பேனாவால் ஒரு கோடு போட்டான், குளித்தும் போகவில்லை. அந்த இடம் இப்போது குறுகுறுக்கிறது. மிச்சம் இருக்கிற ஒன்றும் பழுதானால்? மயக்க மருந்து கொடுத்து நான் எழுந்திருக்கவே இல்லை என்றால்? அடக்கம் செய்யும்போது சுடுகாட்டு நோட்டில் என்ன எழுதுவார்கள்? இன்னாருடைய மகள் என்றுதான். பயமாகத்தான் இருக்கிறது. எழுந்து போய்விடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது, சட்டம் என் பக்கம்.

கதவு திறந்து ஒரு ப்யூன் எங்கள் பெயரைச் சொன்னான். என் பெயரைச் சண்முகவடிவு என்று வாசித்தான், திருத்தினேன். அந்த ஆள் வடையை அவசரமாக விழுங்கிவிட்டு என் பக்கம் குனிந்து, “வேலைக்கு இருக்கேன்னு மட்டும் சொல்லு, என்ன? என்னை மாட்டி விட்டிராதே” என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன், அவரும் பின்னாலேயே வந்தார். நீளமான மேசை. ஒரு காமிரா. நடுவில் தலைவர் மாதிரி ஒரு பெரிய டாக்டர், ஓரத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், ஏதோ துறை அதிகாரியாம், என் ஃபாரத்தை விரல் நுனியில் பிடித்திருந்தார்கள். “உறவுமுறை காலியா இருக்கே. இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?” என்றார்கள். அந்த ஆள் தொண்டையைச் செருமினார். “இவுக புருஷனுக்கு நான் ரெண்டாந்தாரம்” என்றேன். சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது. வேடிக்கை, வெளியே டி.வி.யில் நாள் முழுக்க இதையே கத்துகிறார்கள், உள்ளே ஒருத்தி வந்து சொன்னால் காது அடைத்துவிடுகிறது. அந்த ஆள் நாற்காலியில் பாதியாகிவிட்டார். “சார், அது வந்து, சும்மா ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க” என்று ஆரம்பித்தார். வயசான வக்கீல் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “அது எங்க வேலை இல்ல ஐயா, நீங்க சும்மா இருங்க.” அம்மாள் விடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். “முதல் மனைவிக்கு ரெண்டாவது மனைவி கிட்னி குடுக்குறாங்கன்னா நம்புற மாதிரியா இருக்கு? யார் உங்களைக் கட்டாயப்படுத்தினாங்க? இவரா?” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவரா? இவர் வேண்டாம்னுல்லா சொன்னாரு” என்றேன்.

“ஏன் வேண்டாம்னு சொன்னார்?” என்று பெரிய டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்தார். நான் உலகம்மாளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். “அக்கா போயிட்டா எங்க கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிக்கிடலாம்னு சொன்னாரு. நான் முறையான மனைவி ஆயிருவேனாம்” என்றேன். காமிராவில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்துகொண்டே இருந்தது. அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்கள். “அப்ப இவங்க இருக்கறது உங்களுக்கு நஷ்டம். தெரிஞ்சும் ஏன் குடுக்கறீங்க? பாசமா?” “பாசம்னு எழுதிக்கிடுங்க, உங்களுக்கு அதுதான் வேணும்னா. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன். இவுக போயிட்டா அந்த வீட்ல நான் இந்த ஆளோட தனியா இருக்கணும். இருபத்துநாலு வருஷம் நாங்க ரெண்டு பேரு இருந்தும் இவரைத் தாங்க முடியலை. ஒத்தையா என்னால ஆகாதும்மா.” வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள், அவர்கள் வீட்டில் யார் இருக்கிறார்களோ. பிறகு உலகம்மாளிடம் திரும்பி, “இவங்க குடுக்கறதை வாங்கிக்க உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார்கள். உலகம்மாள் கண்ணைத் திறந்தாள். “வெந்தயம் போடாம இருந்தா சரி” என்றாள். அவர்களுக்கு விளங்கவில்லை. “சம்மதம்னு சொல்லுங்கம்மா, ரெக்கார்டுக்கு வேணும்.” “சம்மதம்” என்றாள், எரிச்சலோடு.

வெளியே வந்து ஒரு மணி நேரம். அந்த ஆள் முதலில் என்னைக் கண்ணால் எரித்தார், பிறகு தன் மானம் போச்சு என்றார், பிறகு யாரும் சட்டை செய்யாததால் டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போனார். அவர் தலை படிக்கட்டில் மறைகிற வரைக்கும் உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, எப்பச் சொன்னாரு உங்கிட்ட?” “போன மாசம்க்கா. மில்லுல வச்சு.” தலை நிமிராமல் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, பழக்கம் இல்லை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். “எங்கிட்ட போன வாரம் சொன்னாரு. ஆபரேஷன்ல கனிக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டாலும் நீ விசனப்படாத, ஒரு விதத்துல ரெண்டாந்தாரம்னு கேஸு வரும்ங்கிற பயம் விட்டுரும், நாம பழையபடி நிம்மதியா இருக்கலாம்னாரு.” கோபம் வரவில்லை, அதற்கெல்லாம் அந்த ஆள் காணாது. இரண்டு பக்கமும் துண்டு போட்டு வைத்திருக்கிறான், பஸ்ஸில் சீட் பிடிக்கிறவன் மாதிரி, எவள் எழுந்தாலும் தனக்கு இடம். “நீங்க என்ன சொன்னிய?” என்றேன். “என்ன சொல்ல. வேட்டியை நல்லாக் கட்டுங்க, அவுந்து கிடக்குன்னேன்.” எனக்குள் எங்கிருந்தோ கிளம்பிச் சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது. ஸ்கேன்காரன் கோடு போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்தாள், சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், வந்தது, முதுகைத் தட்டினேன், ‘போதும் விடு, எலும்பை ஒடிக்காதே’ என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். அவர் டீயோடு வந்து நின்றார். மூன்று டம்ளர். அவளுக்கு டீ ஆகாது என்று ஒரு வருஷமாகியும் மண்டையில் ஏறவில்லை. அப்போதுதான் ஜெனிட்டா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள், முகமெல்லாம் பல். “சம்மதிச்சுட்டாங்கக்கா! வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன், திங்கக்கிழமையே ரெண்டு பேரும் அட்மிட் ஆகணும்.”

நான் அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. “கூட இருந்து பாத்துக்க ஆள் வேணுமே. சார் இருப்பீங்கல்ல?” என்று ஜெனிட்டா அவரைக் கேட்டாள். அவர் டீயை ஊதினார். உலகம்மாள் சொன்னாள், “அவுக ஊருக்குப் போறாக. மில்லு பூட்டிக் கிடக்கு.” பிறகு அவரிடம், மரியாதை குறையாமல், “நீங்க கிளம்புங்க. ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிச்சா பொழுதுக்குள்ள போயிரலாம். நாங்க சொல்லி அனுப்பினா மட்டும் வாங்க” என்றாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. ஒரு பேச்சுக்குக்கூட இருக்கிறேன் என்று சொல்லவில்லை, மூன்று டம்ளரையும் பெஞ்சில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிவிட்டார். ஜெனிட்டா திகைத்துப்போய் எங்களைப் பார்த்தாள். “அப்ப யாருக்கா இருப்பாங்க? மக?” “அவ ஏழு மாசம். எங்களை நாங்களே பாத்துக்கிடுவோம்” என்றாள் உலகம்மாள். “ரெண்டு பேருமே படுக்கையில இருப்பீங்களேம்மா!” “ரெண்டுல ஒருத்தி முதல்ல எந்திரிப்பாள்லா? எந்திரிக்கிறவ மத்தவளைப் பாத்துக்கிடுவா.” சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கொடுக்கிறவள்தான் முதலில் எழுந்து நடப்பாள், இரண்டாம் நாளே நடக்க விடுவார்கள், வாங்குகிறவளுக்கு அதற்குமேல் ஆகும். ஜெனிட்டாதான் அதை எங்கள் இருவருக்கும் சேர்த்து உட்காரவைத்து விளக்கினாள். அது தெரிந்துதான் உலகம்மாள் சொல்கிறாள், அவளுக்கு வேலை வாங்கத் தெரியாதா.